அடிக்கணக்கு வேண்டாம், செதிற்கணக்குப் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எங்காவது பாம்பு பிடிபட்டால் செய்தி ஒரே அச்சில் வார்த்ததுபோல் வருகிறது. எட்டடி, பத்தடி, அரிய வகை, மக்கள் அச்சம். படத்தில் தடியில் தொங்கும் உடல் மட்டும் தெரியும். தலை மங்கலாக இருக்கும், வால் படத்துக்கு வெளியே போயிருக்கும். அந்தப் பத்தடியை எதைக்கொண்டு அளந்தார்கள், அரிய வகை என்று எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்பது செய்தியில் இராது. உற்றுப் பார்த்தால் அது பெரும்பாலும் நமது தோட்டவெளிச் சாரைதான்.

பாம்பின் நீளத்தையும் நிறத்தையும் நம்பி எழுதுவதுதான் இதில் உள்ள கோளாறு. செத்த பாம்பை இரண்டு பேர் இழுத்துப் பிடித்தால் நீளும். உடலைக் கெடாமல் வைக்கும் போமலின் திரவத்தில் கிடந்தால் சுருங்கும். நிறம் சட்டை கழற்றுவதற்கு முன்னரே மங்கிவிடும், போத்தலில் இருந்தால் வெளுத்துவிடும். செதில்களின் எண்ணிக்கை இதில் எதற்கும் மசியாது. குட்டி கருவாக இருக்கும்போதே எத்தனை செதில் என்பது முடிவாகிவிடுகிறது. பிறகு வளர்வது ஒவ்வொரு செதிலின் அளவே தவிர, தொகை அல்ல. ஒரு சாண் குட்டியும் இரண்டு மீற்றர்ப் பெரியதும் ஒரே இனமானால், ஒரே எண்ணிக்கை வீச்சுக்குள் வந்து நிற்கும். சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லினேயஸ் 1758இல் பாம்புகளுக்குப் பெயர் சூட்டியபோது ஒவ்வொன்றுக்கும் வயிற்றுச் செதில், வாலடிச் செதில் என்று இரண்டு எண்களைக் குறித்துவைத்தது இதனால்தான்.

எண்ணும் வேலைக்குள் இறங்குமுன் இரண்டு எச்சரிக்கைகள். இது உயிருள்ள பாம்பிடம் பார்க்கும் வேலை அல்ல. வீதியில் அடிபட்டது, வீட்டில் அடித்துப் போட்டது, வேலியில் கழற்றிவிட்டுப் போன சட்டை, இவை போதும். செத்த பாம்பும் கடிக்கும். துண்டான தலைகூடத் தெறிவினையால் கவ்வி நஞ்சைச் செலுத்தும். எனவே தலையைத் தடித்த துணியால் சுற்றிக் கட்டிவிட்டு, கையுறையோடு வாற்பக்கமிருந்து தொடங்க வேண்டும். மற்றது, கடிபட்ட ஒருவர் இருக்கும் வீட்டில் செதில் எண்ணிக்கொண்டு நிற்கக் கூடாது. வைத்தியசாலையில் நோய்க்குறிகளையும் 20 நிமிட இரத்த உறைவுச் சோதனையையும் பார்த்தே மருந்தை முடிவு செய்வார்கள். பாம்பைத் தூக்கிக்கொண்டு போவதால் நேரம்தான் போகும்.

எண்ண வேண்டியவை மூன்று: வயிற்றின் அடியில் குறுக்கே கிடக்கும் வயிற்றுச் செதில், முதுகிலும் விலாவிலும் நீளவாக்கில் ஓடும் முதுகு வரிசை, கழிவாய்க்குப் பின் வாலின் அடியில் உள்ள வாலடிச் செதில். இவற்றுள் வயிற்றுச் செதிலுக்கே மதிப்பு அதிகம். பெரும்பாலான பாம்புகளில் ஒரு வயிற்றுச் செதிலுக்கு முள்ளந்தண்டில் ஓர் என்பு வீதம் அமைந்திருக்கிறது. ஆகவே வயிற்றை எண்ணுவது, தோலை வெட்டாமல் முதுகெலும்பை எண்ணுவதற்குச் சமம். ஓர் இனம் நீளமானது என்றால் அதற்கு என்புகள் அதிகமா, அல்லது ஒவ்வோர் என்பும் நீளமா என்ற கேள்விக்கு விடை இங்கேதான் கிடைக்கும். அடிக்கணக்கில் அது ஒருநாளும் தெரியாது.

எங்கே தொடங்குவது என்பதில்தான் முதல் பிழை வரும். தொண்டைக்குக் கீழே செதில்கள் சிறிது சிறிதாக அகன்றுகொண்டு போகும். அகலமாகத் தெரிகிற முதற் செதிலில் இருந்து ஒருவர் எண்ணுவார். இரண்டு தள்ளி மற்றவர் எண்ணுவார். இதைத் தீர்க்க அமெரிக்கப் பாம்பியலாளர் ஹேர்ன்டன் டௌலிங் 1951இல் ஒரு விதி வகுத்தார். இரு பக்கத்திலும் முதுகின் முதல் வரிசைச் செதில் வந்து தொடுகிற முதல் வயிற்றுச் செதிலே ஒன்று. அதற்கு முன் உள்ளவை கணக்கில் இல்லை. கழிவாயை மூடியிருக்கும் குதச் செதிலும் கணக்கில் இல்லை. அது முழுதா, இரண்டாகப் பிளந்ததா என்று மட்டும் குறிக்க வேண்டும். 1951க்கு முந்திய நூல்களின் எண்ணோடு உங்கள் எண் ஒன்றிரண்டு மாறுபட்டால் பதற வேண்டியதில்லை, தொடங்கிய இடம் வேறாக இருந்திருக்கும்.

இருநூறு செதிலை ஒரே மூச்சில் எண்ணுகிறவர் நூற்றிருபதில் கண் சிமிட்டித் தவறுவார். பத்துக்கு ஒரு குண்டூசி, அல்லது பேனாப் புள்ளி. தலையிலிருந்து ஒருமுறை, கழிவாயிலிருந்து ஒருமுறை. இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது முறை. பாதிச் செதில், ஒன்றோடொன்று ஒட்டிய செதில் என்று குறைகள் சிலவற்றில் இருக்கும். அவற்றை எப்படி எண்ணினீர்கள் என்பதைக் கொப்பியில் எழுதிவைத்தால் பிறகு வருபவர் திருத்திக்கொள்வார். எழுதாமல் விடுவதுதான் குற்றம்.

முதுகு வரிசை எண்ணுவது இன்னும் நுணுக்கம். முதுகுச் செதில்கள் பனையோலைப் பாயின் பின்னல்போலச் சாய்வாக ஓடுகின்றன. உடலைக் குறுக்கே நேராகக் கோடு கிழித்து எண்ணப் போனால் ஒரு செதிலை இரண்டு தரம் எண்ணுவீர்கள், அல்லது ஒன்றைத் தாண்டிவிடுவீர்கள். வயிற்றுச் செதிலை ஒட்டிய முதற் செதிலில் தொடங்கிச் சாய்வாக மேலேறி, முதுகு நடுவரிசையைக் கடந்து, மறுபுறம் சாய்வாகவே இறங்கி, அங்கும் வயிற்றை ஒட்டிய செதிலில் முடிக்க வேண்டும். நடுவில் ஒரு வரிசை, இருபுறமும் சமம் என்பதால் விடை பெரும்பாலும் ஒற்றை எண்ணாக வரும். இரட்டை எண் வந்தால் மீண்டும் எண்ணுங்கள். அப்போதும் இரட்டையே வந்தால் அது உண்மையாகவும் இருக்கலாம், சாரையில் 16 வருவது உண்டு.

இதை மூன்று இடத்தில் செய்ய வேண்டும். தலையின் பின்விளிம்பிலிருந்து ஒரு தலை நீளம் தள்ளி ஓர் இடம், நடுவுடலில் ஓர் இடம், கழிவாய்க்கு ஒரு தலை நீளம் முன்னே ஓர் இடம். நடுவுடலைக் கண்ணால் மதிக்கக் கூடாது, நாடாவாலும் அளக்க வேண்டாம். வயிற்றுச் செதில் 198 என்றால் 99ஆவது செதிலுக்கு நேரே எண்ணுவதே நடுவுடல். நசுங்கிய பாம்பிலும் இந்த நடு மாறாது.

வாலடியில், கழிவாய்க்குப் பின் இரு செதில்கள் நடுவில் சந்திக்கும் முதற் சோடியிலிருந்து தொடங்கி ஒரு பக்கத்தை மட்டும் எண்ண வேண்டும். நுனி முள் கணக்கில் இல்லை. பிளவுபடாத ஒற்றைச் செதில்களாக இருந்தால் அப்படியே ஒவ்வொன்றாக. வால் நுனி அறுந்திருந்தால் 88 என்று எழுதாமல் 88+ என்று எழுதுங்கள். சாரை, தண்ணீர்ப்பாம்பு போன்றவற்றில் மொட்டை வால் சாதாரணம். அந்தக் கூட்டற்குறி விடுபட்டால், குட்டை வாலுள்ள புதிய சாரை இனம் ஒன்று ஏட்டில் பிறந்துவிடும்.

சட்டை கிடைத்தால் அதுவே மிக நல்ல பொருள். கதியால் அடி, கிணற்றடிக் கற்குவியல், கோழிக்கூடு, ஓட்டுக்கூரையின் சிலாகை இடுக்கு, எங்கும் கிடைக்கும். சலவைத்தூளோ சவர்க்காரமோ ஒரு துளி விட்ட வெதுவெதுப்பான நீரில் கால்மணி நேரம் ஊறவைத்தால் முறுக்கு இளகும். வெட்டும்போது வயிற்று நடுவிலும் முதுகு நடுவிலும் கத்தரி படக் கூடாது. விலாப்பக்கமாக, கீழிருந்து மூன்றாம் நாலாம் வரிசைக்கிடையே நீளமாக வெட்டினால் வயிற்றுச் செதிலும் அதைத் தொடும் முதல் வரிசையும் முதுகு நடுவரிசையும் சிதையாமல் கிடைக்கும். கறுத்த மட்டையில் விரித்து, ரோச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு விளிம்பும் தெரியும். பாம்பு சட்டையை உட்புறம் வெளியே வரும்படி, காலுறை கழற்றுவதுபோலக் கழற்றுகிறது என்பதை மறக்கக் கூடாது. நீங்கள் மேலே பார்ப்பது உட்பக்கம். இடம் வலமாகும், செதிலின் நடுவே எழும்பிய வரம்பு பள்ளமாகத் தெரியும்.

சட்டையின் நீளத்தைப் பாம்பின் நீளம் என்று எழுதுவது பெரும் பிழை. செதிலுக்கும் செதிலுக்கும் இடையே மடிந்துகிடக்கும் மெல்லிய தோல், கழன்று வரும்போது விரிந்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு கூடுவது எளிது. ஆயினும் துண்டுச் சட்டையிலிருந்து பருமட்டாக ஓர் அளவைப் பெற வழி இருக்கிறது. நடுவுடற் பகுதியில் பத்து வயிற்றுச் செதில்களின் மொத்த நீளத்தை அளவுங்கள். 62 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு செதிலுக்கு 6.2. அந்த இனத்துக்கு வயிற்றுச் செதில் 200 என்றால், வால் தவிர்ந்த உடல் 124 சென்ரிமீற்றர். சட்டை ஐந்தில் ஒன்று நீண்டிருந்தால் உண்மை 103 அளவில் நிற்கும். இதிலும் சற்றுக் குறைக்க வேண்டும், ஏனென்றால் கழுத்துப் பக்கமும் கழிவாய்ப் பக்கமும் என்புகள் நடுவில் உள்ளவற்றை விடச் சிறியவை. இவ்வளவு கழித்த பிறகு மிஞ்சுவது, செய்தியில் வரும் பத்தடியில் பாதிகூட இராது.

இனி, நம் ஊரில் இந்த எண்கள் எதற்கு உதவும் என்பதற்கு வருவோம்.

எண்ணெய் விரியனையும் (கட்டு விரியன்) ஓநாய்ப் பாம்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னது உறங்குபவரைக் கடித்து உயிர் வாங்குவது, பின்னது சுவர்ப் பல்லியைத் தேடி வீட்டுக்குள் வரும் நஞ்சற்ற பிராணி. இரண்டும் இருண்ட உடலில் வெளிர்ப் பட்டையோடு இருக்கும். எண்ணெய் விரியனில் நடுவுடல் வரிசை பெரும்பாலும் 15, சிலதில் 17. முதுகு நடுவரிசைச் செதில்கள் மற்றவற்றை விடப் பெரிதாக அறுகோண வடிவில் இருக்கும். வாலடிச் செதில்கள் பிளவுபடாதவை, 37 முதல் 50 வரை. ஓநாய்ப் பாம்பில் 17 வரிசை, நடுவரிசை மற்றவை போலவே இருக்கும், வாலடிச் செதில்கள் இரண்டாகப் பிளந்து 56க்கு மேல் போகும். தலை கிடைத்தால் இன்னொரு சாட்சி உண்டு: மூக்குச் செதிலுக்கும் கண் முன்செதிலுக்கும் இடையே ஒரு தனிச் செதில் ஓநாய்ப் பாம்பில் இருக்கும், நாகத்தின் குடும்பத்தைச் சேர்ந்த எண்ணெய் விரியனில் அது இல்லை. பெயரில் விரியன் என்று இருப்பதால் அதைப் புடையனின் (கண்ணாடி விரியனின்) உறவு என்று நினைப்போர் பலர். பெயர் வைத்தவர் செதிலைப் பார்க்கவில்லை.

நடுவரிசை பெரிதாக இருந்தாலே எண்ணெய் விரியன் என்று முடிவு கட்டுவதும் தவறு. கொம்பேறி மூக்கனுக்கும் அது பெரிதுதான், வரிசையும் அதே 15. ஆனால் அதன் வாலடிச் செதில்கள் பிளந்தவை, வால் மிக நீளம். ஒற்றை அடையாளத்தை நம்புகிறவர் ஒருநாள் மாட்டிக்கொள்வார். இரண்டு மூன்று சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால்தான் தீர்ப்பு.

இதைவிடப் பரிதாபம் மண்ணுளிப் பாம்பின் நிலை. தடித்த உடல், பழுப்புத் திட்டு, குட்டை வால். புடையன் என்று அடித்துவிடுகிறார்கள். புடையனின் வயிற்றுச் செதில் வயிறு முழுவதையும் அகலமாக மூடியிருக்கும். வாலடி பிளந்தது, 41க்குக் குறையாது. முதுகில் 27 முதல் 33 வரிசை, ஒவ்வொன்றிலும் வயல் வரம்புபோல எழும்பிய நடுவரம்பு, வயிற்றை ஒட்டிய கீழ்வரிசையில் மட்டும் அது இல்லை. மண்ணுளிப் பாம்பில் வயிற்றுச் செதில் நடுவில் ஒடுங்கிய பட்டியாகத்தான் ஓடும். வாலடி ஒற்றை, இருபதை ஒட்டியே நிற்கும். முதுகு வரிசை நாற்பதுக்கு மேல். அடித்த பிறகாவது புரட்டிப் பார்த்தால் அடுத்ததை விட்டுவிடுவார்கள்.

கரையோர மணற்பகுதிகளில் வாழும் சுருட்டை விரியனையும் பூனைக்கண் பாம்பையும் குழப்புவதற்கும் இதே மருந்து. சுருட்டையின் உச்சந்தலையில் பெரிய கேடயச் செதில்களே இல்லை, பொடிச் செதில்கள்தான். உடலில் வரம்புள்ள 25க்கு மேற்பட்ட வரிசைகள், விலாவில் சாய்ந்த அரம்போன்ற செதில்கள், வாலடி ஒற்றை. பூனைக்கண்ணில் தலைக் கேடயங்கள் பெரியவை, முதுகு வழுவழுப்பான 21 வரிசை, வாலடி பிளந்தது.

இனங்காண்பது பாதி வேலை. உடல் வடிவத்தை ஒப்பிடுவதே எண்களின் மறுபாதி, இதில்தான் படித்தவர்களும் வழுக்குகிறார்கள். சாரையின் கணக்கைப் பாருங்கள்: நடுவுடலில் 17, கழிவாய்க்கு முன் 14, வயிறு 190 முதல் 213, வாலடி 100 முதல் 146. நீண்டு மெலிந்து பின்னே ஒடுங்கும் உடல் என்பது பாம்பைப் பார்க்காமலே தெரிகிறது. எண்ணெய் விரியனில் கழுத்து முதல் கழிவாய் வரை பெரும்பாலும் 15 மாறாமல் போகும். குழாய்போன்ற சீரான உடல். புடையனில் வயிறு 153 முதல் 180 மட்டுமே, வரிசையோ முப்பதை ஒட்டி. குறுகித் தடித்தது.

உடனே ஒரு சூத்திரம் செய்யத் தோன்றும்: முதுகு வரிசையை வயிற்றுச் செதிலால் வகுத்து நூறால் பெருக்கு. புடையனுக்கு 29, 165 என்று எடுத்தால் 17.6. சாரைக்கு 17, 200 என்றால் 8.5. அழகாக இருக்கிறது. எண்ணெய் விரியனுக்கு 15, 205 என்று போட்டால் 7.3, கொம்பேறி மூக்கனுக்கு 15, 180 என்று போட்டால் 8.3. அதாவது சாட்டைபோன்ற கொம்பேறி மூக்கன், எண்ணெய் விரியனை விடத் தடித்தது என்று சூத்திரம் சொல்கிறது! எண்ணெய் விரியனின் செதில் அகலமானது, கொம்பேறியின் செதில் ஒடுங்கியது. அகலம் இந்தச் சூத்திரத்துக்குள் வரவேயில்லை. ஆகவே வரிசை எண்ணைப் பருமனாக வாசிப்பதானால் நெருங்கிய உறவினங்களுக்குள், அதைவிடச் சிறப்பாக ஒரே இனத்தின் இரண்டு ஊர்ப் பாம்புகளுக்குள் மட்டும் வாசிக்க வேண்டும். குடும்பம் தாண்டினால் நடுவுடலில் ஐந்தாம் வரிசைச் செதில் ஒன்றின் அகலத்தையும் வேணியர் இடுக்கிமானியால் அளந்து சேர்க்க வேண்டும். ஒரு செதிலை மட்டும் அளக்காமல் பக்கத்தில் உள்ள ஐந்தின் சராசரியை எடுப்பது நல்லது.

வரிசை எந்த இடத்தில் குறைகிறது என்பது, எத்தனை வரிசை என்பதை விடச் சுவையானது. உடல் ஒடுங்கும்போது பக்கத்து வரிசைகள் இரண்டு ஒன்றாகக் கலக்கின்றன. 118ஆவது வயிற்றுச் செதிலுக்கு நேரே இருபுறமும் மூன்றாம் நான்காம் வரிசைகள் கலந்து 17 பதினைந்தானது என்றால் அதை அப்படியே எழுதிவைக்கலாம். வயிறு மொத்தம் 201 என்றால் அது 58.7 சதவீதத்தில் நடந்திருக்கிறது. இன்னொரு பாம்பில் 66 சதவீதத்தில் நடந்தால், அதன் உடல் பின்னால்தான் ஒடுங்கத் தொடங்குகிறது. நாடாவும் வேண்டாம், தராசும் வேண்டாம். சதவீதமாக மாற்றாமல் இந்த 118ஐ மற்றப் பாம்பின் செதில் எண்ணோடு நேராக ஒப்பிடுவது வழக்கமான தவறு. மொத்தம் வேறாக இருந்தால் அந்த ஒப்பீட்டுக்குப் பொருள் இல்லை. இடப்பக்கமும் வலப்பக்கமும் எப்போதும் ஒரே செதிலில் குறையும் என்றில்லை, இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும்.

இந்த முறை எவ்வளவு தூரம் பேசும் என்பதைக் காட்டக் கடற்பாம்பை விடச் சிறந்த உதாரணம் இல்லை. இலங்கையைச் சூழ்ந்த கடலில் உள்ள சிறுதலைக் கடற்பாம்பில் கழுத்தைச் சுற்றி 17 முதல் 21 வரிசை, தடித்த பின்னுடலில் ஏறத்தாழ 30 முதல் 36. கழுத்து பென்சில் அளவு, பின்புறம் அதைப்போலப் பல மடங்கு. மணலுக்குள் ஒடுங்கிய வளைகளில் ஒளிந்திருக்கும் விலாங்குகளைப் பிடிக்கத் தலையும் கழுத்தும் நுழைய வேண்டும் என்பதே அந்த வடிவத்தின் தேவை. அது செதில் எண்ணிக்கையிலேயே பதிந்திருக்கிறது. நாகத்தில் இதற்கு நேர்மாறு. படம் உள்ள இடத்தில் வரிசை அதிகம், நடுவுடலில் 21 முதல் 25 ஆகக் குறையும். ஆனால் அங்கே கூடுவது பருமன் அல்ல, விலா விரியும்போது இழுபடும் தோல். எண் ஒன்று, காரணம் வேறு. வலையில் அகப்படும் கடற்பாம்புகளைக் கையால் எடுத்து எறியும் பழக்கம் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம். அவற்றின் நஞ்சு கொடியது என்பதோடு விடுகிறோம்.

முறை தோற்கும் இடங்களும் உண்டு. களப்பில் வாழும் அரத்தோல் பாம்பில் அகன்ற வயிற்றுச் செதிலே கிடையாது. உடலைச் சுற்றி நூறளவில் மணிமணியான செதில்கள். பூச்சாடி மண்ணில் வரும் புழுப்பாம்பில் உடலைச் சுற்றி எங்கும் ஒரே அளவான 20 வரிசைகள். அதில் வயிற்றுக்குப் பதிலாக முதுகு நடுவரிசையை நீளவாக்கில் எண்ண வேண்டும். ஒரு செதிலுக்கு ஓர் என்பு என்ற விதி அங்கே பொருந்தாது.

பால் வேறுபாட்டைப் பிரிக்காமல் சராசரி எடுப்பது எல்லாவற்றையும் கெடுக்கும். ஆணின் வால் பொதுவாக நீளம், வாலடிச் செதில் கூடுதல். பல இனங்களில் பெண்ணுக்கு வயிற்றுச் செதில் கூடுதல். நெடுந்தீவில் கிடைத்த ஐந்தும் பெண், கோப்பாயில் கிடைத்த ஐந்தும் ஆண் என்றால், நீங்கள் காணும் வேறுபாடு தீவால் வந்தது அல்ல. ஆணில் பத்தும் பெண்ணில் பத்துமாவது இல்லாமல் ஊருக்கு ஊர் வேறு என்று பேசத் தொடங்குவது அவசரம். முட்டை அடைகிடந்த அல்லது தாய் சுமந்த காலத்து வெப்பநிலைகூட வயிற்றுச் செதிலை ஒன்றிரண்டு மாற்றக்கூடும் என்பது சில இனங்களில் கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே இரண்டு மூன்று செதில் வித்தியாசத்தை வைத்துக் கொடி கட்ட வேண்டாம்.

தலை வடிவத்துக்குக் கமரா உதவும். தலைக் கேடயங்கள் மூன்று கூடும் சந்திகள் எல்லாப் பாம்பிலும் ஒரே ஒழுங்கில் இருப்பதால் அவற்றைப் புள்ளிகளாகக் குறித்து, அளவு, இருப்பிடம், திருப்பம் ஆகியவற்றை நீக்கி வடிவத்தை மட்டும் கணினியில் ஒப்பிடலாம். இமேஜ்-ஜே என்ற இலவச மென்பொருள் புள்ளி குறிக்கப் போதும். கெடுவது படம் எடுக்கும்போதுதான். கைத்தொலைபேசியை ஒரு சாணில் பிடித்தால் நடுப்பகுதி உப்பித் தெரியும். ஒரு மீற்றர் தள்ளி நின்று உருப்பெருக்கி எடுங்கள். அளவுகோல் மேசையில் கிடக்காமல் தலையின் மேற்பரப்பு மட்டத்துக்கு உயர்த்தி வைக்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் தலை பெரிதாக அளவாகும். ஒரே தலையை எடுத்துவிட்டு மீண்டும் வைத்து இன்னொரு தரம் படம் எடுத்துப் பாருங்கள். அந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாடே, இரண்டு பாம்புகளுக்கு இடையில் இருப்பதைவிடப் பெரிதாக வந்தால் மேற்கொண்டு கணிக்க வேண்டாம். வீதியில் நசுங்கிய தலைகள் இதற்கு உதவா.

ஓணான்களிலும் நிறத்தை விடச் செதிலே நல்ல சாட்சி. பச்சை நிறத்தை வைத்துப் பச்சோணான் என்பவர்கள் செவிக்கு மேலே பார்க்கட்டும்: சாதாரண ஓணானில் பிரிந்த இரண்டு சிறு முட்கள், பச்சோணானில் சீப்புப்போல ஒரு வரிசை.

உயர்தர உயிரியல் மாணவர்கள் உள்ள எந்தப் பாடசாலையும் இதைத் தொடங்கலாம். சட்டைகளைக் காயவைத்துத் தடித்த கடதாசி உறைகளில் வைத்தால் போதும், பூச்சி வராமல் வேப்பிலை அல்லது கற்பூரம் போடலாம். முழு உடலைப் பாதுகாப்பதானால் கடையில் வாங்கும் போமலின் ஒரு பங்குக்கு நீர் ஒன்பது பங்கு. வயிற்றைக் கீறியோ ஊசியால் ஏற்றியோ உள்ளே செல்ல விட வேண்டும், இல்லாவிட்டால் வெளியே விறைத்து உள்ளே அழுகும். ஒரு வாரத்தின் பின் கழுவி 70 சதவீத அற்ககோலுக்கு மாற்ற வேண்டும். போமலின் மூக்கையும் கண்ணையும் எரிக்கும். அதை ஆசிரியர்தான், யன்னல் திறந்த அறையில், கையாள வேண்டும். நீளத்தை அளப்பது போத்தலில் போடுவதற்கு முன். சேகரிக்கப் போகும் பாடசாலை, வனசீவராசிகள் திணைக்களத்திடம் முன்கூட்டியே கேட்டு அனுமதியை எழுத்தில் பெற்றுக்கொள்ளட்டும். பாதுகாக்கப்பட்ட இனங்களில் இறந்த உடலுக்கும் சட்டம் இருக்கிறது. போத்தலுக்குள் போடும் சீட்டு பென்சிலால் எழுதப்பட வேண்டும், பேனா மை அற்ககோலில் கரைந்துவிடும். இடம், திகதி, எண்ணியவர் இல்லாத பாம்பு வெறும் பாம்புதான்.

உங்கள் பத்திரிகையிடம் கேட்பது சிறிது. அடுத்த முறை இறந்த பாம்பின் செய்தி வந்தால் நிருபரிடம் மூன்று படங்கள் கேளுங்கள்: நடுவுடலின் முதுகு மேலிருந்து, கழிவாயும் வாலடியும் கீழிருந்து, தலை பக்கவாட்டில், ஒவ்வொன்றிலும் ஒரு அடிமட்டம். படத்தின் கீழே இப்படி ஒரு வரி: கைதடி, வயல் வரம்பு, முதுகு 17-17-14, வயிறு 201, குதச் செதில் பிளந்தது, வாலடி 118, நுனி முழுமை. இவ்வளவு இருந்தால் அது சாரை என்று இங்கே மட்டுமல்ல, எந்த நாட்டில் இருப்பவரும் சொல்லிவிடுவார். அடிக்கணக்கும் வேண்டுமென்றால் கடைசியில் போடுங்கள், எதைக்கொண்டு அளந்தது என்ற குறிப்போடு.

இங்ஙனம்,
விலங்கியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.